ரூ. 649 டிஜிட்டல் தராசு: டெசி நார்மல் கரைசல் போட ஆகுமா?

ஆன்லைனில் பாக்கெட் ஸ்கேல், ஜுவல்லரி ஸ்கேல் என்று பல பெயரில் விற்கிற சின்னத் தராசைப் பற்றி எழுதுகிறேன். செல்போன் அகலம்தான் இருக்கும். 200 கிராம் வரை தாங்கும், 0.01 கிராம் வரை காட்டும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது. கம்பெனி பெயர் என்று ஒன்றும் கிடையாது. நான் கொடுத்த விலை 649 ரூபாய். நகை நிறுக்க வாங்கியவர்களும் காபித்தூள் நிறுக்க வாங்கியவர்களும் இதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். கரைசல் போடுகிற ஆள் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் லேப் என் பொறுப்பு. பிளஸ் டூ பிள்ளைகளின் டைட்ரேஷனுக்கு வேண்டிய கரைசல் எல்லாம் நான் போட்டு வைப்பதுதான். டைட்ரேஷன் என்றால், செறிவு தெரிந்த ஒரு கரைசலோடு வினைபுரிய வைத்து இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது. தலைப்பில் இருக்கும் டெசி நார்மல் என்பது 0.1 நார்மல் என்ற செறிவு. அந்த வேலைக்கு இது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். லிட்டர் கணக்கில் போடும் கரைசலுக்கு இந்தத் தராசு தாராளமாகப் போதும். 100 மி.லி., 250 மி.லி. ஃப்ளாஸ்க்கில் நேரடியாக நிறுத்துப் போட்டால் காலை வாரிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. கீழே போட்டுக் காட்டுகிறேன்.

எங்கள் லேபில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய இரட்டைத் தட்டுத் தராசு ஒன்று இருக்கிறது. ரைடர் என்னும் சின்னக் கம்பி எடையை நகர்த்தி மில்லிகிராம் வரை பார்க்கலாம். நல்ல சாமான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எடைப்பெட்டியில் சின்னத் தகடுகள் பல தொலைந்துவிட்டன. இருக்கிற எடைகளிலும் பச்சை பூத்துவிட்டது. முள் ஆடி நிற்கும் வரை காத்திருந்து, இடுக்கியால் எடையை மாற்றி மாற்றி வைத்து ஒரு உப்பை நிறுத்து முடிப்பதற்குள் ஒரு பீரியடு போய்விடும். கல்லூரிகளில் இருக்கிற, 0.0001 கிராம் வரை காட்டும் நாலு தசம எலெக்ட்ரானிக் தராசு வாங்கலாம் என்றால், அதன் விலைக்கு எங்கள் லேபுக்கு வருகிற பணம் எந்த மூலைக்கு? அதனால்தான் இந்தச் சின்னதைக் கைக்காசு போட்டு வாங்கினேன்.

வாங்கியதும் இது உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட எடைக்கல் எதுவும் அனுப்பவில்லை. அவசரத்துக்கு நாணயம் வைத்துப் பார்க்கலாம். 2011-இல் வந்த ரூபாய்க் குறி போட்ட வரிசையில் ஐந்து ரூபாய் 6 கிராம், ஒரு ரூபாய் 3.79 கிராம். 2019-இல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் 3.09 ஆகக் குறைந்துவிட்டது, ஐந்து ரூபாய் 6.74 ஆகக் கூடிவிட்டது. ஆகவே காசைத் திருப்பி எந்த வரிசை என்று பார்த்துவிட்டு வையுங்கள். என் பர்ஸில் கிடந்த பழைய ஐந்து ரூபாய்கள் 5.98-க்கும் 6.01-க்கும் நடுவில் காட்டின. கை பட்டுத் தேய்ந்த காசுக்கு அது சரிதான். 6 கிராமுக்கு 5.7 காட்டுகிற தராசு வந்தால் பேசாமல் திருப்பி அனுப்பிவிடலாம். நாணயத்தை வைத்து அதற்கு மேல் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

நெல்லை டவுனில் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக நகை செய்து கொடுக்கும் பத்தரிடம் முத்திரை போட்ட எடைகள் உண்டு. அவரிடம் கொண்டுபோனேன்.

"என்னக்கா, தராசுக்கே எடை பாக்கணுமா?"

"ஆமா தம்பி. இத நம்பி உப்பு நிறுக்கலாமான்னு பாக்கணும்."

"உப்பு நிறுக்கவா? உப்புக்குப் போயி எதுக்குக்கா இம்புட்டு?"

எந்த உப்பு என்று விளக்கப் போனால் அவர் வேலை கெடும் என்று விட்டுவிட்டேன். அவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். 1 கிராமுக்கு 1.00. 20 கிராமுக்கு 20.01. 50-க்கு 50.01. 100-க்கு 100.03. பிறகு 20 கிராமை நடுவில் வைக்காமல் தட்டின் ஓரத்தில் வைத்தார், 19.97 ஆகிவிட்டது. "நடுவுல வச்சுப் பழகிக்கிடுங்க" என்றார். 100 கிராமை வைத்து காலிப்ரேஷன் பட்டனை அழுத்திப் பிடித்ததும் 100.00 நின்றது. அப்புறம் மற்ற எடைகளும் ஒழுங்காக வந்தன.

"காசுக்கு மோசமில்லக்கா. ஆனா இதுல நான் தங்கம் நிறுத்துக் குடுத்தேன்னா எம்மேல கேஸு போட்டுருவான்."

அவர் சொன்னது சரி. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வியாபாரத்துக்குப் பயன்படும் தராசைச் சரிபார்த்து முத்திரை போட்டிருக்க வேண்டும். இதில் அப்படி எதுவும் இல்லை. நிறுத்து விற்கிற வேலைக்கு இதை வாங்காதீர்கள். லேபில் நாம் யாருக்கும் நிறுத்து விற்கவில்லை, அதனால் பிழைத்தோம்.

இனிமேல் கணக்கு. இந்தத் தராசு கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு முன்னே பின்னே போகும். 0.02 கிராம் தப்பு வரலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.02 நமக்கு எவ்வளவு பெரிது என்பது எதை, எவ்வளவு நிறுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எஃப்.ஏ.எஸ். என்று நாங்கள் சொல்லும் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நீர் மூலக்கூறோடு சேர்த்து அதன் மூலக்கூறு நிறை 392.14. சமான நிறையும் அதுவே. சமான நிறை எவ்வளவோ அத்தனை கிராம் ஒரு லிட்டரில் கரைந்திருந்தால் அது 1 நார்மல். ஒரு லிட்டர் 0.1 நார்மலுக்கு 39.21 கிராம். அதில் 0.02 போனால் தப்பு 0.05 சதவீதம். ஒன்றுமே இல்லை. ஆக்சாலிக் அமிலம் இரண்டு நீரோடு 126.07, சமான நிறை அதில் பாதி, 63.03. லிட்டருக்கு 6.30 கிராம். தப்பு 0.3 சதவீதம். பரவாயில்லை. அதே ஆக்சாலிக்கை 250 மி.லி. மட்டும் போடலாம் என்று நினைத்தால் 1.58 கிராம்தான் வேண்டும். தப்பு 1.3 சதவீதமாக ஏறிவிடுகிறது.

1.3 சதவீதம் என்றால் பிள்ளைகள் மேசையில் என்ன ஆகும்? கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் சின்னப் பிரிவு 0.1 மி.லி. வழக்கமாக 20 மி.லி. சுமாருக்கு எண்ட் பாயிண்ட், அதாவது வினை முடிந்து நிறம் மாறும் இடம், வரும்படி போடுவோம். 20-இல் ஒரு பிரிவு என்பது 0.5 சதவீதம். அதற்குக் குறைவான தப்பை பியூரெட்டே பார்க்காது. 1.3 சதவீதமோ இரண்டரைப் பிரிவு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பக்கமாக கால் மி.லி. தள்ளி வரும். அவர்கள் சரியாகத்தான் செய்திருப்பார்கள், நாம் போட்ட கரைசல்தான் கோணல். 0.5 சதவீதம் என்பதுதான் நான் வைத்துக்கொண்ட எல்லை. அதன்படி பார்த்தால் 4 கிராமுக்குக் குறைவாக எதையும் இந்தத் தராசில் நிறுத்து, அந்த எடையை நம்பி பாட்டிலில் செறிவு எழுதக் கூடாது.

அப்படியானால் 250 மி.லி. வேண்டும் என்கிறபோது என்ன செய்வது? செறிவாகப் போட்டு நீர்க்கலாம். ஆக்சாலிக் 31.52 கிராம் நிறுத்து 500 மி.லி. ஃப்ளாஸ்க்கில் கோடு வரை நிரப்பினால் 1 நார்மல். தராசின் தப்பு 0.06 சதவீதம் மட்டும். அதிலிருந்து 25 மி.லி.யை பிப்பெட் என்னும் அளவுக் குழாயில் எடுத்து 250 மி.லி. ஃப்ளாஸ்க்கில் விட்டுக் கோடு வரை நீர் ஊற்றினால் 25 × 1 = 250 × 0.1, அதாவது டெசி நார்மல். பிப்பெட் கொண்டுவரும் தப்பு தனியாக ஒன்று சேரும். அப்படியும் இதுதான் லாபம். மிச்சக் கரைசலை மூடி வைத்தால் அடுத்த பேட்ச்சுக்கு ஆகும். ஆக்சாலிக் விஷம், பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள், ரப்பர் பல்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, சரியாக 6.30 வர வேண்டும் என்று ஸ்பேட்டுலாவைத் தட்டிக்கொண்டு உட்காராமல் இருப்பது. 6.37 விழுந்துவிட்டதா? விடுங்கள். 6.37-ஐ 63.03-ஆல் வகுத்தால் 0.1011. பாட்டிலில் 0.1011 என்று எழுதி ஒட்டுங்கள். வட்டமான எண் வேண்டும் என்பது நம் ஆசை, டைட்ரேஷன் அதைக் கேட்கவில்லை. பிள்ளைகளும் பெருக்கிப் பழகட்டும்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தத் தராசில் தட்டித் தட்டிப் போடுவதே ஆபத்து. பட்டர் பேப்பரை வைத்து டேர் அழுத்தி 0.00 ஆக்கிவிட்டு, உப்பைச் சிட்டிகையிலும் பாதியாக மெதுவாகத் தூவிப் பாருங்கள். 0.00 அப்படியே நிற்கும். இன்னும் கொஞ்சம் தூவினாலும் 0.00. பேப்பரில் வெள்ளையாகப் பொடி கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது, தராசு இல்லை என்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மெல்ல ஏதாவது மாறினால், அது சூட்டாலோ காற்றாலோ வந்த ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு தானாகவே பூஜ்யத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளும்படி இதைச் செய்திருக்கிறார்கள். காபித்தூள் நிறுக்கிறவருக்கு அது வசதி, நமக்குத் திருட்டு. தூவிய பொடி கணக்கில் ஏறாமலே போய்விடும். மாற்று வழி எளிது. டேர் அழுத்தாதீர்கள். தராசைக் காலியாக வைத்து ஆன் செய்து, பட்டர் பேப்பரையும் அதன்மேல் ஒரு ஐந்து ரூபாயையும் வையுங்கள். 6.43 என்று காட்டினால் அதை எழுதிக்கொண்டு, அங்கிருந்து 12.73 வரும் வரை போடுங்கள். பூஜ்யத்தை விட்டு எண் விலகி இருப்பதால் அந்த விளையாட்டு நடக்காது.

அடுத்த தொல்லை, ஒரு நிமிஷம் கை வைக்காமல் இருந்தால் தானாக அணைந்துவிடுவது. அதை நிறுத்தி வைக்க வழியே கொடுக்கவில்லை. பீக்கரோடு அணைந்துபோய் மறுபடி ஆன் செய்தால், மேலே இருப்பதையெல்லாம் சேர்த்து 0.00 என்று புதுசாக ஆரம்பிக்கும். அதுவரை போட்டது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் காலி பீக்கரின் எடையை முதலில் நோட்டில் எழுதிவிட வேண்டும். வித்தியாச முறையில் நிறுப்பது லேபில் எப்போதும் நல்ல பழக்கம்தான், இந்தத் தராசில் அதை விட்டால் வேறு வழியில்லை. 200 கிராம்தான் தாங்கும் என்பதால் பெரிய பீக்கரை வைத்தால் பாதிக் கொள்ளளவு கண்ணாடிக்கே போய்விடும். இரண்டு லிட்டர் எஃப்.ஏ.எஸ்.ஸுக்கு 78.43 கிராம் வேண்டும். அதை இரண்டாகப் பிரித்து நிறுப்பதுதான் என் வழக்கம்.

காற்று. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் நமக்கு இங்கே வெறும் காற்றுதான். ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொண்டு கிடக்கும். அப்போது கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது. ஃபேனை நிறுத்தினாலும் போதாது. கூட வருகிற பிளாஸ்டிக் மூடி தட்டை மட்டும் மூடும், பீக்கர் வைத்தால் மூட முடியாது. முறுக்கு வாங்கின பெரிய டப்பாவின் அடியை வெட்டிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், மேல்வாய் வழியாக ஸ்பேட்டுலா உள்ளே போகும். அதன் பிறகு ஒழுங்காக நிற்கிறது.

எல்லாக் கரைசலுக்கும் இவ்வளவு கவனம் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நிறுத்த எடையை அப்படியே நம்பிச் செறிவு எழுதும் உப்புகள் நம் லேபில் சிலதுதான். எஃப்.ஏ.எஸ்., ஆக்சாலிக், நீரற்ற சோடியம் கார்பனேட், அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளலாம். சோடியம் ஹைட்ராக்சைடை எந்தத் தராசில் நிறுத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஐப்பசி மழையில் பாட்டிலைத் திறந்து 4 கிராம் எடுப்பதற்குள் வில்லைகள் மினுமினுவென்று ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்துவிடும். நீரையும் இழுக்கும், காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். 4 கிராம் என்று தராசு காட்டுவதில் எவ்வளவு ஹைட்ராக்சைடு என்று சொல்ல முடியாது. சுமாராக நிறுத்துக் கரைத்துவிட்டு, ஆக்சாலிக்கோடு டைட்ரேட் செய்து கண்டுபிடிப்பதுதான் முறை. 20 மி.லி. ஹைட்ராக்சைடுக்கு 19.3 மி.லி. டெசி நார்மல் ஆக்சாலிக் ஆனால், 20 × N = 19.3 × 0.1, ஆக ஹைட்ராக்சைடின் செறிவு N என்பது 0.0965 நார்மல். முடிந்தது. பெர்மாங்கனேட்டும் இந்த ரகம்தான். தண்ணீரில் இருக்கும் அழுக்கையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்து தானும் கொஞ்சம் கெடும். அதை லிங்க் சொல்யூஷனாகத்தான், அதாவது வேறு இரண்டு கரைசல்களை ஒப்பிட நடுவில் நிற்கும் கரைசலாகத்தான் வைக்கிறோம் என்பதால் லிட்டருக்கு 3.16 கிராம் என்பது 3.1 ஆனாலும் 3.2 ஆனாலும் விடை மாறாது. என் எல்லையான 4 கிராமுக்குக் கீழே வந்தாலும் அதை இதிலேயே நிறுக்கிறேன்.

தராசின்மேல் பழி விழும் இடங்கள் சில உண்டு. டெசி நார்மல் ஆக்சாலிக் என்று போட்ட கரைசல் சோதித்துப் பார்த்தால் 0.0714 வருகிறது என்று வையுங்கள். தராசைத் திட்டாதீர்கள். 90-ஐ 126-ஆல் வகுத்தால் 0.714 வரும். யாரோ நீர் மூலக்கூறைச் சேர்க்காமல் நீரற்ற அமிலத்தின் 90.03-ஐ வைத்துக் கணக்குப் போட்டு, பாட்டிலில் இருந்த, இரண்டு நீர் சேர்ந்த டைஹைட்ரேட்டை நிறுத்திருக்கிறார்கள். எஃப்.ஏ.எஸ்.ஸில் அதே கூத்து நடந்தால் 284-ஐ 392-ஆல் வகுத்து 0.0724 வரும். செறிவு இப்படி ஒரு குறிப்பிட்ட எண்ணில் போய் நின்றால் கணக்கில் தப்பு. சும்மா 0.099, 0.102 என்று ஆடினால்தான் தராசையோ கையையோ சந்தேகிக்க வேண்டும். போனில் மோலாரிட்டி போட்டுத் தரும் ஆப்களைப் பயன்படுத்துகிறவர்கள், அது எந்த மூலக்கூறு நிறையை எடுத்துக்கொண்டது என்று பார்த்துவிட்டு, பாட்டில் லேபிளில் இருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

லேபிள் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு கடையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில்லறையாகப் பெரிய கேனில் இருந்து ஊற்றித் தந்தார்கள். மேலே ஹெச்.சி.எல். என்று மார்க்கரில் எழுதியதோடு சரி. சதவீதமும் இல்லை, அடர்த்தியும் இல்லை. "எல்லாம் ஒண்ணுதான் டீச்சர்" என்றார் கடை அண்ணாச்சி. ஒன்றில்லை. 37 சதவீதம், அடர்த்தி 1.18 என்றால் ஒரு லிட்டர் அமிலத்தின் எடை 1180 கிராம், அதில் ஹைட்ரஜன் குளோரைடு 437 கிராம். அதன் மூலக்கூறு நிறையான 36.46-ஆல் வகுத்தால் 12 மோலாருக்குப் பக்கம். இந்த அமிலத்துக்கு மோலாரும் நார்மலும் ஒன்றுதான். 35 சதவீதம் என்றால் 11.3 மோலார். ஒரு லிட்டர் டெசி நார்மலுக்கு முதலாவதில் 8.4 மி.லி., இரண்டாவதில் 8.8 மி.லி. எடுக்க வேண்டும். ஐந்து சதவீத வித்தியாசம். திறந்து வைத்திருந்த பாட்டிலில் புகை போய்ப் போய் இன்னும் குறைந்திருக்கும். லேபிள் இல்லாமல் விற்கும் இடத்தில் 10 ரூபாய் குறைவு என்றாலும் வாங்காதீர்கள்.

இந்தத் தராசு எனக்குச் செய்த பெரிய உபகாரம் வேறு. அதை வைத்து பிப்பெட்டுகளைச் சோதித்தேன். 30 டிகிரி சூட்டில் 25 மி.லி. தண்ணீரைக் காற்றில் நிறுத்தால் 24.87 கிராம் வாக்கில் இருக்க வேண்டும். சின்ன மூடி போட்ட பாட்டிலை நிறுத்துக்கொண்டு, பிப்பெட்டில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து உள்ளே விட்டு மறுபடி நிறுக்க வேண்டியதுதான். இவ்வளவு எடையில் 0.02 தப்பு ஒன்றுமே இல்லை. பழைய பிப்பெட்டுகள் 24.85, 24.88 என்று மணியாக வந்தன. மலிவாக வந்த புது லாட்டில் ஒன்று 24.61 காட்டியது. திரும்பத் திரும்ப வைத்தும் 24.61-ஐத் தாண்டவில்லை. ஒரு சதவீதம் குறைவாக ஊற்றுகிற பிப்பெட் அது. அதை எடுத்த பிள்ளைக்கு மட்டும் வருஷம் பூராவும் விடை தள்ளித் தள்ளி வந்திருக்கும், கை சரியில்லை என்று நாமும் திட்டியிருப்போம். அதற்கு நீல டேப் சுற்றி, வெறுமனே ஊற்றும் வேலைக்கு ஒதுக்கிவிட்டேன். 649 ரூபாய் இந்த ஒன்றிலேயே எனக்குச் செரித்துவிட்டது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு ஃப்ளாஸ்க்குகள் பலவற்றில் 27 டிகிரி என்று அச்சிட்டிருக்கும், சிலவற்றில் 20. சித்திரை மாதம் நம் லேபில் 35 டிகிரி சர்வ சாதாரணம். 27-இல் இருந்து 35-க்குப் போனால் தண்ணீர் கால் சதவீதம் விரியும். லிட்டர் எஃப்.ஏ.எஸ்.ஸில் தராசு செய்யும் தப்பைப் போல இது ஐந்து மடங்கு. ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டு கரைசலையும் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்தே விரிவதால் பெரும்பாலும் கழிந்துவிடும். ஹைட்ராக்சைடு கரையும்போது கொதிக்கிற மாதிரி சூடாகும், அந்தச் சூட்டோடு கோடு வரை நிரப்புவதுதான் தப்பு. ஆறியதும் கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும்.

தட்டு ஸ்டீல் மாதிரி இருக்கிறதே தவிர, அயோடினை நேரடியாக வைத்தால் புள்ளி விழுந்துவிடும். பெர்மாங்கனேட் சிந்தினால் பட்டன் இடுக்கில் புகுந்து பிறகு வரவே வராது. வாட்ச் கிளாஸ் இல்லாமல் எதையும் வைக்காதீர்கள். இரண்டு சின்ன பென்சில் செல் போடுகிறது. செல் தீரப்போகும் முன் எச்சரிக்கை வருவதற்கு முன்பே எண்கள் நகர ஆரம்பித்துவிடுகின்றன. நிறுத்ததையே மறுபடி நிறுத்தால் வேறு எண் வருகிறது என்றால் முதலில் செல்லை மாற்றுங்கள்.

புளியங்குடியில் எலுமிச்சைத் தோப்பு வைத்திருக்கும் எங்கள் அத்தான் இதைப் பார்த்துவிட்டு, மரத்தில் பூசும் பூஞ்சைக்கொல்லியான போர்டோ பசைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) நிறுக்க ஒன்று வாங்கித் தரச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். பத்து சதவீதப் பசைக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர். பலசரக்குக் கடைத் தராசு அதற்குப் போதும். அங்கே பார்க்க வேண்டியது செறிவைவிட துத்தம் மிஞ்சி நிற்கிறதா என்பதை. தீட்டின இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். 649 ரூபாய்த் தராசுக்கு அந்த வேலையும் தெரியாது, ஒரு கிலோவையும் அது தாங்காது.

ஐந்துக்கு மூன்றரை ஸ்டார் கொடுக்கிறேன். பூஜ்யத்தைத் தானே நகர்த்துவதற்கு ஒன்று, அணைந்து போவதற்கு அரை என்று கழித்தது. வாங்குகிறவர்கள் 100 கிராம் எடைக்கல் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காலிப்ரேஷன் பட்டன் இருந்தும் இல்லாத மாதிரிதான். சில்வர் நைட்ரேட் ஒன்றை மட்டும் நான் இதில் நிறுப்பதில்லை. லிட்டருக்கு 17 கிராம் ஆகும், வெள்ளி விலைக்கு லிட்டர் கணக்கில் யார் போடுவார்கள்? 100 மி.லி. போட்டால் 1.70 கிராம், தப்பு 1.2 சதவீதம், நீர்த்துத் தப்பிக்கவும் வழியில்லை. அதற்குப் பக்கத்துக் கல்லூரியில் தெரிந்த மேடத்திடம் சொல்லி, நாலு தசமத் தராசில் நிறுத்துச் சின்னப் பழுப்பு பாட்டிலில் வாங்கி வந்துவிடுகிறேன்.